வரலாறு சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் மட்டும்தான் நடக்குமா?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே குழி தோண்டியது. சுமார் 12,000 வருஷம் பழையவை என்று துறையினர் மதிப்பிட்ட கல் கருவிகள் கிடைத்தன. ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் தங்க நகைத் துண்டுகளும்கூடக் கிடைத்தன. காரும் செல்போனும் தயாரிக்கிற இந்த வட்டாரத்தில் 'மேனுஃபேக்ச்சரிங்' 1998-ல் ஹூண்டாய் வந்தபோது ஆரம்பித்ததில்லை என்று அர்த்தம்!

செய்தி பேப்பரில் வந்தது. அதோடு சரி. தினமும் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கம் போய்வருகிற ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைத்து, "இது என்ன கல், இதை எப்படி வயசு கணித்தார்கள், இங்கே ரோமானியச் சாடி எப்படி வந்தது" என்று யாராவது விளக்கியதுண்டா?

"ஆர்வம் இருந்தால் தேடிப் போகலாமே, எல்லாம் இலவசமாகத்தானே நடக்குது" என்பார்கள். நடக்கிறதுதான். தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை சென்னையில் மாதாமாதம் பேச்சு நடத்துகிறது, காசு வாங்குவதில்லை. 2004-லிருந்து ஆகஸ்ட் வந்தால் 'மெட்ராஸ் டே' பேச்சுகள், நடைகள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எல்லாமே நல்ல முயற்சி, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எல்லாமே சென்னையில்.

சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்குப் போக என்ன செய்ய வேண்டும்? பி ஷிப்ட் என்றால் லீவு போட வேண்டும். ஏ ஷிப்ட் என்றால் குளித்து முடித்து பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கே இறங்கி வேறு பஸ் மாறி, கூட்டம் முடிந்து ராத்திரி அதே வழியில் திரும்ப வேண்டும். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதுசில்லை, 'வாய்ப்புச் செலவு' என்று முதல் வருஷப் பாடத்திலேயே வருகிறது. டிக்கெட் இலவசம், ஆனால் ஓடி வேலையும் ஓவர்டைமும் தூக்கமும் போச்சு. இதை 'இலவசம்' என்று சொல்வது கணக்குத் தெரியாதவர்கள் பேச்சு.

அடுத்த வாதம்: "அசெம்ப்ளி லைனில் நிற்கிறவனுக்கு வரலாறு எதுக்கு? ஸ்கில் டிரெயினிங் கொடுங்க, போதும்."

இதைச் சொல்கிறவர்களுக்குச் சென்னையின் வரலாறே தெரியாது. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் அந்தப் பகுதியில் ஒரு பக்தி சபை நடத்தினார்கள். அங்கே சொற்பொழிவு கேட்க வந்த மில் தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தையும் பேச ஆரம்பித்தார்கள். அதிலிருந்துதான் சங்கம் வந்தது. இங்கிலாந்தில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொழிலாளர் கல்விச் சங்கத்தை 1903-ல் தொடங்கினார். பொருளாதார வரலாற்று அறிஞர் டாவ்னி 1908-லிருந்து பானை செய்கிற ஊரிலும் பஞ்சாலை ஊரிலும் போய் வகுப்பெடுத்தார். வாத்தியார் தொழிலாளியைத் தேடி ரயிலேறினார், தொழிலாளி வாத்தியாரைத் தேடி அலையவில்லை. கவனியுங்கள், அது நூறு வருஷத்துக்கு மேல் பழைய ஏற்பாடு.

வகுப்பு இல்லாத இடம் சும்மாவும் இருப்பதில்லை. இலவசமாக வரலாறு சொல்லித்தர ஒரு கூட்டம் ரெடியாக இருக்கிறது. "ஆண்ட பரம்பரை" ஃபிளெக்ஸ், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, பின்னணி இசையோடு யூட்யூப் வீடியோ. ஷிப்ட் டைம் பிரச்சினையே கிடையாது, படுக்கையிலேயே வந்துவிடுகிறது. ஒரே லைனில் தோளோடு தோள் நிற்கிற இரண்டு பேரை, ரூமுக்கு வந்ததும் இரண்டு சாதி ஆக்குவது இந்தப் 'பாடம்'தான்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளலாம். இதே காஞ்சிபுரம் மாவட்டம். 919, 921-ல் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகள். வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவர் உறவினர்களுக்கும் இடமில்லை! ஃபார்வர்டில் இது "உலகின் முதல் ஜனநாயகம்" என்று முடிந்துவிடும். நல்ல வாத்தியார் அங்கே நிறுத்த மாட்டார். அது பிராமணர்களின் சபை, வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயலில் உழுதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்வார். பெருமையும் கேள்வியும் சேர்ந்து வரும்போதுதான் அது வரலாறு.

பாடத்துக்குப் பஞ்சமா என்ன? ஆறு ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. வடக்குப்பட்டும் அத்திரம்பாக்கமும். அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கண்டெடுத்த கற்கருவிகள், அங்கே 15 லட்சம் வருஷத்துக்கு முன்பே மனிதர்கள் இருந்ததைக் காட்டிய 2011 ஆய்வு.
2. உத்திரமேரூர், மேலே சொன்னபடி.
3. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். பக்தி மட்டுமில்லாமல் கோயில் நிர்வாகமும்.
4. புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைத் தோற்கடித்த இடம். மைசூர்ப் படை ராக்கெட் விட்ட போர்.
5. சாலைகளும் சத்திரங்களும். ஊர்ப் பேரிலேயே சத்திரம் இருக்கிற ஊரில் இதைக்கூடப் பேசாவிட்டால் எப்படி?
6. தொழிற்சாலைகள். 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய நோக்கியா, 2024-ல் 37 நாள் நீடித்த சாம்சங் வேலைநிறுத்தம். இந்த வகுப்பை அங்கே வேலை பார்த்தவர்களே எடுக்கலாம்.

ஆறாவது வகுப்புக்கு முன்மாதிரி உண்டு. ஸ்வீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'நிற்கிற இடத்தில் தோண்டு' என்று தலைப்புக்கு அர்த்தம். தொழிற்சாலை வரலாற்றை முதலாளி மட்டும் எழுதக்கூடாது, தொழிலாளியே ஆராயலாம் என்றது. ஏராளமான பேர் அப்படியே கிளம்பினார்கள்.

சரி, பணம்? ஒரு உத்தேசக் கணக்கு. பேச்சாளருக்கு வகுப்புக்கு 3,000 ரூபாய் என்றால் ஆறுக்கு 18,000. டீ, நகல் 6,000. ஒரு நாள் உத்திரமேரூர் போய்வர பஸ் 12,000. மொத்தம் 36,000. 60 பேர் வந்தால் தலைக்கு 600 ரூபாய். அதில் 100 ரூபாய் கட்டணம் வாங்கினால் பாக்கி 30,000.

இந்த 30,000-க்கு யாரிடமும் கையேந்த வேண்டாம். 1948-ன் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். அடுத்து, கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வி, பாரம்பரியப் பாதுகாப்பு, பொது நூலகம் எல்லாம் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது. உள்ளூருக்கு முன்னுரிமை கொடு என்றும் சட்டமே சொல்கிறது.

"கம்பெனி காசு வாங்கினால் ஆறாவது வகுப்பை நடத்த விடுவானா?" நியாயமான கேள்வி. அதனால் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழு வழியாக வரட்டும், பாடத்தை வாத்தியார்கள் முடிவு செய்யட்டும். ஸ்பான்சர் பேனரில் லோகோ போட்டுக்கொள்ளலாம், சிலபஸில் கை வைக்கக் கூடாது.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. படுக்கையைக் கணக்குப் பார்த்துக் கட்டிய அரசுக்கு, அங்கே தங்குகிறவர்களுக்கு மூளையும் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், வடமாநிலத்தவருக்கு ஹிந்தியில் சொல்ல ஒரு ஆள். இதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பி.கு: அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய வரலாற்று நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரூமில் நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு அத்தியாயம் படித்தால் அதுவும் வகுப்புதான். பஸ் செலவு கிடையாது :-)