அன்பு எம்முடையது, உழைப்பு யாருடையது?

‘அன்பளிப்புக்கு விலை பார்க்கக் கூடாது’ என்று எம்மவர் அடிக்கடி சொல்வதுண்டு. கேட்பதற்கு இனிய வாசகம். ஆனால், பன்பாய் இழைக்கும் பெண்ணின் முன் நின்று பேரம் பேசும்போது அதே வாசகம் எவ்வளவு கொடூரமானதாக மாறிவிடுகின்றது என்பதைக் களுவாஞ்சிக்குடியிலோ வாவிக்கு அப்பால் படுவான்கரையிலோ நாம் எவரும் சிந்திப்பதில்லை.

ஒரு பன்பாய் எப்படி உருவாகின்றது? குளத்தோரச் சேற்றில் இறங்கிப் பன்னை அறுக்க வேண்டும். வெயிலில் காயவிட வேண்டும். நிறம் வேண்டுமாயின் சாயம் கலந்த கொதிநீரில் அவிக்க வேண்டும். அதன்பின் தறி எதுவுமின்றித் தரையில் குந்தியிருந்து, முதுகு வளைந்தபடி, விரல்களாலேயே இழைக்க வேண்டும். இத்தனையும் முடித்து அவள் விலை சொன்னால், பிளாஸ்டிக் பாயின் விலையைச் சொல்லி அவளது வாயை அடைத்துவிடுகின்றோம்.

மட்டக்களப்பார் வந்தவரைப் ‘பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்’ என்ற பழைய பேச்சை நாம் விருந்தோம்பலுக்குச் சான்றாகக் காட்டிப் பெருமைப்படுகின்றோம். அந்தப் பாயை இழைத்தவளுக்கு அப்பெருமையில் என்ன பங்கு கிடைத்தது?

குளிர் நாடுகளில் குடியேறிய எமது உறவினர்கள், அங்குள்ள பெண்கள் பேரப்பிள்ளைக்கோ கணவனுக்கோ கம்பளிக் காலுறை பின்னுவதைக் கண்டிருப்பார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு சோடிக்காகப் பல மாலைப்பொழுதுகளைச் செலவிடும் அப்பெண்ணை எவரும் ஏழை என்று எண்ணுவதில்லை. லத்வியாவில் மணப்பெண் தன் கையால் பின்னிய கையுறைகளை மணமகன் வீட்டாருக்குப் பரிசளிப்பது பழைய வழக்கம். 2006 நவம்பரில் தலைநகர் ரீகாவில் நேட்டோ மாநாடு நடைபெற்றபோது, வந்திருந்தோருக்காக சுமார் 4,500 சோடிக் கையுறைகள் கையாலேயே பின்னப்பட்டன. வீட்டுப் பெண்களின் கைவேலை அங்கே அரச மரியாதையாக உயர்ந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் மணமக்களின் பெயர்களையே கோரைப்பாயில் நெய்து கொடுக்கின்றார்கள். எமது நாட்டின் தும்பறைப் பாய் நெசவு 2021 இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. எமது கலியாண வீடுகளிலோ கடைப்பொருளும் காசு உறையும்தான் மதிப்புப் பெறுகின்றன. பன்பாயைக் கொண்டு போனால், ‘வேறொன்றும் கிடைக்கவில்லையா?’ என்று பார்வையாலேயே கேட்கின்றார்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009 இல் போர் முடிந்த பின்னரும் இப்பிரதேசப் பெண்களுக்குத் தையல், பின்னல், பன்வேலை என்று பயிற்சிகள் நடந்தன. பத்திரிகையாளன் என்ற முறையில் நானும் அவ்வாறான நிறைவு விழாக்களில் அமர்ந்திருக்கின்றேன். மாலை, உரை, சான்றிதழ், குழுப்படம் எல்லாம் இருந்தன. செய்த பொருளை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற கேள்விக்கு மட்டும் மேடையில் இடமிருக்கவில்லை. கணவனை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்குச் சான்றிதழ் சோறு போடாது.

‘காலம் மாறுகின்றது, அழியும் தொழிலை ஏன் பிடித்து வைக்க வேண்டும்?’ என்று படித்த நண்பர்கள் கேட்கின்றார்கள். பாய் இழைப்பவளின் மகளும் பாய்தான் இழைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் மருத்துவராகட்டும், ஆசிரியையாகட்டும். இன்று இழைத்துக் கொண்டிருப்பவளுக்கு உரிய கூலியை மறுக்க, நாளை அத்தொழில் அழியும் என்பது ஒரு நியாயமாகாது.

தாய் தன் மகளுக்காக இழைத்த பாய்க்கு விலையில்லை என்பதை ஏற்றுக்கொள்கின்றேன். அங்கே கொடுப்பவளே உழைத்தவள். நாம் வாங்கிக் கொடுக்கும் பாயில் அன்பு எம்முடையது, உழைப்பு இன்னொருத்தியுடையது. அவளது உழைப்பை எமது அன்பின் கணக்கில் எழுதிக்கொள்வதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வீடு கட்டும் மேசனுக்கு நாட்கணக்கில் கூலி கொடுக்கின்றோம். பாய் இழைப்பவளுக்கும் நாட்கள் உண்டு. அடுத்த கலியாணத்துக்கு ஒரு பன்பாய் வாங்கப் போகிறவர்கள், ‘எத்தனை நாள் எடுத்தது?’ என்று அவளிடம் முதலில் கேளுங்கள். விலையை அதன் பிறகு பேசலாம்.