முன்பனிக் காலம்

பண்டைத் தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்கு உரிய திங்கள்கள். காரை வரவேற்காத உழவர் இலர். இளவேனிலைப் பாராட்டாத புலவர் இலர். பனிக்காலத்தையோ, உடலை நடுக்கும் காலம் என்று வெறுப்பவர் பலர். ஆயினும், சிற்றூர் வாழ்வை உற்று நோக்குவார்க்கு எளிய இன்பங்கள் செறிந்த பொழுது இம்முன்பனியே என்பது புலனாகும். அவ்வின்பங்களை அடையப் பொருட்செல்வம் வேண்டுவதில்லை. வேறு சில வேண்டும். அவை யாவை என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில், மார்கழி வைகறையில் ஒரு சிற்றூரைக் காண்போம். சம்பாப் பயிர் கதிர் ஈன்று நிற்கின்றது. இலைதோறும் பனித்துளி தங்கியுள்ளது. மழை ஓய்ந்து வானம் தெளிந்த நீண்ட இரவில், பகலில் நிலம் ஏற்ற வெப்பம் மேலெழுந்து அகன்றுவிடுகின்றது. குளிர்ந்த இலையைத் தீண்டும் காற்றின் நீராவி துளியாகப் படிகின்றது. கிணற்றடியிலோ வேறொரு புதுமை. இறைத்த நீரிலிருந்து மெல்லிய ஆவி எழுகின்றது. நிலத்தின் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. அதனால் கோடையில் தண்ணென்றிருந்த அதே நீர், பனிக்காலையில் வெதுவெதுப்பாகத் தோன்றுகின்றது. முதல் குடம் நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது உடல் பெறும் இன்பத்தை, வெந்நீர்க் கொப்பரையும் தருதல் அரிது.

வாயில்தோறும் மகளிர் சாணம் தெளித்துக் கோலமிடுகின்றனர். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பறங்கிப்பூ பொன்போல் விரிந்திருக்கின்றது. அரிசிமாவால் இட்ட கோலமாயின், கதிரவன் எழுமுன்னரே எறும்பும் சிட்டுக்குருவியும் அதற்கு விருந்தினராய் வருகின்றன. தெருமுனையில் முதியோர் சருகும் சுள்ளியும் கூட்டிக் கணப்புக் காய்கின்றனர். மழையளவும், மாட்டின் நோயும், பேரப்பிள்ளையின் படிப்பும் அங்கே பேச்சாகின்றன. ஊரின் செய்தித்தாள் அக்கணப்பே என்று கூறினும் தவறாகாது.

உணவிலும் இக்காலம் வளமுடையது. அவரையும் மொச்சையும் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் பருவம் இது. பனங்கிழங்கின் வரலாறு இன்னும் சுவையானது. பழம் தின்றபின் எறியத்தக்க பனங்கொட்டைகளை, மழைக்கு முன் மண்மேடிட்டுப் புதைத்துவிடுவர். மழை அவற்றுக்கு நீர் வார்க்கின்றது. மூன்று நான்கு திங்கள் கழித்து மார்கழி, தையில் மண்ணைத் தோண்டினால் வெண்ணிறக் கிழங்குகள் வரிசையாக நிற்கின்றன. உப்பும் மஞ்சளும் இட்டு வேகவைத்து, நார் உரித்து, வாய்க்கால் கரையில் அமர்ந்து தின்னும் சிறுவர் எந்தச் செல்வர் விருந்துக்கு ஏங்குவர்?

இவ்வின்பங்கள் கடையில் விற்பன அல்ல. எனினும் இவற்றுக்கு விலையே இல்லை என்று கருதுதல் பிழை. விழித்தெழுதல் இவற்றின் முதல் விலை. மார்கழியில் பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரமே. கதிரவன் சற்று உயர்ந்ததும் துளி உலர்கின்றது, கணப்பு அணைகின்றது. போர்த்துறங்குவோன் ஊரிலேயே இருந்தும் ஊரைக் காணாதவன் ஆகின்றான்.

இங்கு ஒரு தடை எழக்கூடும். “வயிறு நிறைந்தவனுக்குப் பனி இன்பம்; வறியவனுக்கு அது துன்பமன்றோ?” என்று சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்னும் பழமொழி நடுங்கியவர் வாயில் பிறந்ததே. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையும், மழையிலும் வாடையிலும் நனைந்து நடுங்கித் தீக்காயும் கோவலரை நம் கண்முன் நிறுத்துகின்றது. கூரை சிதைந்த குடிசையில் கந்தலைப் போர்த்திருக்கும் மூதாட்டிக்கும், விடியுமுன் வெறுங்காலோடு ஈர வயலில் இறங்கும் உழைப்பாளிக்கும் பனியின் அழகை எடுத்துரைத்தல் அறமாகாது. போர்வைக்குள் இருந்துகொண்டு குளிரைப் புகழ்தல் எவர்க்கும் எளிது.

ஆதலின், பகிர்ந்தளித்தல் இவ்வின்பத்தின் இரண்டாம் விலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயிலொன்று குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான். மயிலுக்குப் போர்வை வேண்டாதிருக்கலாம். ஆனால், நடுக்கத்தைக் கண்டவுடன் போர்வையை நோக்கிச் செல்லும் கை ஒவ்வோர் ஊர்க்கும் வேண்டும். கணப்பின் அருகே இன்னார் அமரலாம், இன்னார் விலகி நிற்க வேண்டும் என்று பிறப்பினால் வகுத்த காலமும் உண்டு. அஃது ஊர்வாழ்வுக்கு நேர்ந்த பெரும் இழுக்கு. நெருப்பு யார் கையையும் வேறுபடுத்திச் சுடுவதில்லை. வேறுபடுத்தி வெப்பம் தருவதும் இல்லை. எல்லாரும் ஒருங்கே அமரும் கணப்பே ஊர்க்கணப்பு எனப்படும். ஏனையது வெறும் தீ.

காத்தல் மூன்றாம் விலை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்குச் சான்று. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் நாரையும் கூழைக்கடாவும் அங்கு வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகின்றது. அப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தியவர்களைத் தடுக்க வேண்டி, ஊரார் அன்றைய ஆட்சியரிடம் முறையிட்டு 1798-ஆம் ஆண்டிலேயே உரிமை ஆவணம் பெற்றனர். இன்று பல்லாயிரவர் கண்டு மகிழும் காட்சி, எழுத்தறிவு அருகியிருந்த காலத்து உழவர் காத்தளித்த செல்வமாகும். இதற்கு மாறாக, போகியன்று டயரையும் நெகிழிப் பைகளையும் கொளுத்துவோர் உளர். குளிர்ந்த காற்று தாழ்ந்து நிற்கும் வைகறையில் அந்நச்சுப்புகை மேலெழாது பனியோடு கலந்து தங்குகின்றது. ஒருவர் மூட்டிய தீ, ஊரார் அனைவரின் காலைப் பொழுதையும் கெடுக்கின்றது.

மாணவர்களே! மார்கழியும் தையும் ஆண்டுதோறும் தவறாமல் வரும். அவற்றின் இன்பமோ, விடியலில் எழுவார்க்கும், இருப்பதைப் பகிர்வார்க்கும், ஊரின் நீரையும் காற்றையும் காப்பார்க்குமே வரும். நாளை வைகறையில் எழுந்து வாயிற்கதவைத் திறப்பீராக. பனித்துளியைக் கண்டு மகிழ்வீராக. அதே தெருவில் போர்வையின்றி அமர்ந்திருப்பவர் எவரேனும் உளரோ என்றும் காண்பீராக. இருப்பின், வீட்டில் மடித்து வைத்திருக்கும் போர்வை ஒன்றை எடுத்துச் சென்று அவர் தோளில் இடுவீராக. அன்றைய கணப்பில் உம் கைகள் முன்னினும் நன்றாக வெம்மை பெறும்.