பாவனை ஆபத்து

கிணத்துக்கடவுப் பக்கத்தில் சிறுவர்களுக்கு நீச்சல் பழக்கும்போது, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிய பிறகே கிணற்றில் இறக்குவது பழைய வழக்கம். ஆபத்தைச் சமாளிக்கக் கற்கும் வேளையில் ஆபத்து நேரலாகாது என்பதே அதன் தாத்பரியம்.

2018 ஜூலையில் கோவைக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் இது மறக்கப்பட்டது. பேரிடர்ப் பயிற்சி என்ற பெயரில் 19 வயது மாணவியொருத்தியை இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். அவள் தயங்கினாள், பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழே வலை பிடித்து நின்றார்கள். வலையை அடையுமுன் முதல் மாடி விளிம்பில் மோதி அப்பெண் உயிர் நீத்தாள். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு அறிவித்தது.

அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-லேயே தரையை விட்டு எழும்பாத பாவனை விமானம் ஒன்றைச் செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் அமர்ந்து பழகினார்கள். இன்று தீயணைப்போருக்கும் மீட்புப் படையினருக்கும் கம்ப்யூட்டர் திரையிலேயே அத்தகைய பாவனை உலகம் உண்டு. புகை எப்பக்கம் சூழ்கிறது, படிக்கட்டு அடைபட்டால் எது வழி, யாரை முதலில் மீட்பது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். தவறான கட்டளையிட்டால் திரையில் கட்டிடம் எரியும். அறையிலுள்ள எவருக்கும் சிறு காயமும் ஏற்படாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கயிறு பிடிக்கும் கைக்குத் திரை பலம் தராதுதான். ஆகவே புத்தியைத் திரையில் பழக்கிவிட்டு, உடலைப் பழக்கத் தகுதியுள்ளவரை அழைப்பதே முறை. பயிற்சியளிக்க வருவோரிடம் அத்தாட்சிப் பத்திரம் கேட்க உபாத்தியாயர்களாகிய நாம் கூச்சப்படலாகாது. பெற்றோரும் கேட்கட்டும், அதனால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.