‘தர்த்’ என்ற ஒரே சொல் போதுமா?

தில்லிக்கு வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆகிவிட்ட நம்மவர்களைப் பார்த்து, “ஹிந்தி தெரியுமா?” என்று கேட்டால் கோபம்தான் வரும். சப்ஜிக்காரரிடம் பேரம் பேசுகிறோம். பேங்கில் சண்டை போடுகிறோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியோடு மணிக்கணக்கில் வம்பளக்கிறோம். இதற்கெல்லாம் அந்த ஹிந்தி தாராளம். ஆனால் உடம்புக்குள் நடப்பதை டாக்டரிடம் சொல்ல அது போதாது என்பது என் கட்சி. நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற மரப்பையும் நரம்பு வலியையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த இரண்டோடும் மூன்று குளிர்காலத்தைத் தாண்டியாயிற்று.

2022 நவம்பரில் எனக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியை எடுத்தார்கள். வாலிப வயதில் வந்துபோன காசநோய் நுரையீரலில் ஒரு குழியை விட்டுச் சென்றிருந்தது. அந்தக் குழிக்குள் பூஞ்சை உருண்டையாகத் திரண்டு, இருமினால் இரத்தம் வரும் நிலை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரத்தம் நின்றது. டாக்டர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து தையல் பிரித்து, எல்லோரும் ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்ட பிறகுதான் இந்தப் புது விருந்தாளி வந்தார்.

தோள்பட்டைக்குக் கீழே, முதுகிலிருந்து விலாவைச் சுற்றி மார்பு வரை ஒரு நீளத் தழும்பு. அதன் கீழே நாலு விரல் அகலத்துக்குத் தோல் என்னுடையதே இல்லை. கிள்ளினால் தெரியாது. ஆனால் அதே இடத்தில் பனியன் உரசினால் சுரீரென்று தூக்கிப்போடும். இரவு இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து மின்சாரம் அடித்த மாதிரி ஒரு வெட்டு. “மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும்?” என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலில் எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில் விலா எலும்பின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டியும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்குள் மேலிருந்து கீழாக ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு. மூன்றில் நரம்புதான் கடைசி. ஆகவே எலும்பின் பாதுகாப்பு அதற்குத்தான் குறைவு. நுரையீரலை எட்ட இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டி, இரும்புக் கருவி வைத்து அகலப்படுத்துகிறார்கள். அப்போது நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், அறுந்தும் போகலாம். கடைசியில் விலாக்களைச் சேர்த்துக் கட்டும் தையலிலும் அது மாட்டிக்கொள்ளக் கூடும். நீர் வடிய வைக்கும் குழாயும் அதே இடுக்கு வழியாகத்தான் வருகிறது. சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்யும் முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் துளையும் விலாவுக்கு நடுவில்தான் போட வேண்டியிருப்பதால், அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவில் காலம் தள்ளியவன். எனக்கு இது புரிந்தது அந்த வழியில்தான். தரைக்கடியில் ஓடும் கேபிளை யாராவது தோண்டிக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்? பேச்சு வராது. ஆனால் லைன் சும்மாவும் இருக்காது. கரகரவென்று இரையும். மழைத் தண்ணீர் ஜாயிண்ட்டில் இறங்கிவிட்டால், யாரும் கூப்பிடாமலே மணி அடிக்கும். அடிபட்ட நரம்பும் அப்படித்தான். வெளியே தொடுகிற செய்தி உள்ளே போவதில்லை, அதுதான் மரப்பு. அறுந்த முனை தானாக மணி அடிக்கிறது, அதுதான் வலி. நசுங்கிய நரம்பு மறுபடி வளரும்போது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் வளர்கிறது. முதுகிலிருந்து மார்பு வரை எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். ஏன் ஒரு வருஷத்துக்கு மேலும் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். சிலருக்கு முழுவதும் திரும்புவதே இல்லை.

மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை இந்த வலி மாதக்கணக்கில் நீடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலோருக்கு லேசாக, சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு. இவ்வளவு சாதாரணமாக வருகிற ஒன்றைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே கிடையாது. “ஸ்கேன் சுத்தமா இருக்குன்னுட்டாரே, இன்னும் என்ன வலி?” என்கிறார்கள். நரம்பு நசுங்கியது அந்த ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. “உயிர் பிழைச்சதே பெரிசு” என்கிறார்கள். பெரிசுதான். அதற்காகப் பிழைத்த உயிர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

இனி மொழி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு ஆச்சி இருக்கிறார். சங்கரன்கோவில் பக்கம். தாத்தா காலமான பிறகு மகன் இங்கே கூட்டிவந்துவிட்டார். அவருக்கும் நுரையீரலில் கட்டி என்று ஒரு பகுதியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது பதினோராம் வகுப்பு படிக்கும் பேரன். நல்ல பையன்; வீட்டுத் தமிழ் புரியும். ஆனால் ஆச்சி என்ன சொன்னாலும் அவன் வாயில் “தர்த் ஹோ ரஹா ஹை” என்றுதான் வரும். டாக்டர் ‘தர்த்’துக்கு மாத்திரை எழுதுவார். அடுத்த தடவையும் தர்த். மாத்திரையின் வீரியம் கூடும். ஐந்தாறு மாதத்தில் வயிற்றில் புண் வந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். போகிற வழியில் ஆச்சி என்னிடம் சொன்னது இது: “நெஞ்சுக்குக் கீழ கங்கை அள்ளி வச்ச மாதிரி காந்துதுய்யா. தொட்டுப் பாத்தா மரக்கட்ட. சேல பட்டா மட்டும் சுள்ளுனு இழுக்கு.” மூன்றே வாக்கியம். காந்தல், மரப்பு, துணி பட்டால் சுள்ளென்ற வலி. நரம்பு வலியைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கேட்கிற கேள்விகளே இவைதாம்: எரிகிறதா, மின்சாரம் அடிக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்திருக்கிறதா, லேசாகத் தடவினால் வலிக்கிறதா? ஆச்சி எல்லாவற்றுக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் அலைந்திருக்கிறார். நான் ‘ஜலன்’, ‘ஸுன்’, ‘கப்டா லக்னே ஸே கரண்ட்’ என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு பஞ்சை எடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு பழைய மாத்திரையை அடித்துவிட்டு வேறு எழுதினார். வலி போய்விட்டது என்று கதை விடமாட்டேன். குறைந்தது. ஆச்சி இரவில் நாலைந்து மணி நேரம் தூங்குகிறார்.

வலிக்கும் சொல்லுக்கும் உள்ள இந்த உறவை நான் கண்டுபிடிக்கவில்லை. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக் என்ற உளவியல் அறிஞர், வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, 1975-இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். உலகமெங்கும் அது பயன்பட்டது. நம் பாட்டிமார் வினாத்தாள் இல்லாமலே இதில் பண்டிதைகள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல், மதமதப்பு, நமநமப்பு, சுரீர், சுள், விண்விண் என்று ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. ‘எறும்பு ஊருது’, ‘பட்டை போட்டுக் கட்டின மாதிரி இறுக்குது’ என்பவை வேறு. ரயிலேறி வடக்கே வந்ததும் இத்தனையும் மூட்டையில் கட்டப்பட்டு ‘தர்த்’ என்று ஒரே லேபிள் ஒட்டப்படுகிறது.

சரியான மருந்து எழுதினாலும் வீட்டில் ஒரு தடை காத்திருக்கிறது. நரம்பு வலிக்குப் பாராசிட்டமால் வகையறாக்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. கொடுப்பது கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின் போன்றவை. முதல் இரண்டும் வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படுபவை. மற்ற இரண்டும் மனச்சோர்வுக்கு. வீட்டில் யாராவது செல்போனில் மாத்திரைப் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்! “அப்பாவுக்குப் பைத்தியம்னு மாத்திரை குடுத்திருக்கான்” என்று அலறி, அன்றே நிறுத்திவிடுவார்கள். ஐயா, கெட்டுப்போன லைனில் இரைச்சலை அடக்குகிற வேலையைத்தான் அவை செய்கின்றன. மூளை கெட்டதற்கு அத்தாட்சி அல்ல. இவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்தில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. தலைசுற்றலும் மயக்கமும் வரும். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்துவிடலாம். இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. கபாபென்டினும் பிரிகாபலினும் முதியவர்களுக்கும் நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் மூச்சை மந்தமாக்கக் கூடும் என்று 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தூக்க மாத்திரையோ ஓபியம் வகை வலிமருந்தோ கூடச் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நுரையீரலில் ஒரு துண்டை இழந்தவர்கள், தாம் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜையில் கொட்டிக் காட்டிவிடுவது உத்தமம். வீட்டில் யாருக்கோ எழுதியதை வாங்கி விழுங்குவது வேண்டவே வேண்டாம்.

தில்லிக் குளிர் இந்த வலிக்குப் பரம எதிரி. ஜனவரியில் விலாவைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வெந்நீர்ப் பைதான். மரத்துப்போன தோலில் அதை வைக்காதீர்கள். சுடுவது தெரியாது. காலையில் கொப்புளம்தான் தெரியும். ஹீட்டர் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வதும் அதே ரகம். நான் செய்வது சாமானியமானது: உடம்போடு ஒட்டினாற்போல மெல்லிய பழைய பருத்தி பனியன், உள்தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, அதற்கு மேல்தான் கம்பளி. மிளகாயின் காரச் சத்திலிருந்து செய்த களிம்பு ஒன்றும் உண்டு. டாக்டர் சொன்னால், ஆறிய தோலில் மட்டும் தடவலாம். தடவிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

பெண்கள் பாடு இதைவிடக் கஷ்டம். தழும்பு போகிற வழியும், உள்ளாடையின் இறுக்கமான பட்டை உட்காருகிற வழியும் ஏறக்குறைய ஒன்றே. மார்பின் அடிப்பகுதி மரத்துப்போயிருப்பதைப் பேரனை மொழிபெயர்க்கச் சொல்லி ஆண் டாக்டரிடம் எந்த ஆச்சி சொல்வார்? மகளோ மருமகளோ கூடப் போக வேண்டும். முடியாவிட்டால் நம் சங்கத்துப் பெண்களில் ஒருவர் போகலாம். அரை நாள் வேலைதான்.

இதையெல்லாம் ‘வலிதானே, பொறுத்துக்கொள்ளலாம்’ என்று விடக்கூடாததற்கு வலுவான காரணம் உண்டு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால், இருமலை அடக்கினால், சளி உள்ளேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கையைத் தூக்காமலே இருந்தால் தோள் இறுகிவிடும். தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை விடாதீர்கள். அடங்கியிருந்த வலி புதிதாகக் கூடினாலோ, ஜுரம், மூச்சிரைப்பு, எடை குறைவு சேர்ந்தாலோ, ‘பழைய நரம்புதான்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு நரம்பின் அருகே ஊசி போட்டுச் செய்தியை மறிக்கும் சிகிச்சையும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வலிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பெரும்பாலும் மயக்க மருந்து நிபுணர்கள் நடத்துவது. கேட்டால்தான் அனுப்புவார்கள்.

கேட்பதற்குச் சொல் வேண்டுமே! அதற்காக ஒரு யோசனை. இடது பக்கம் தமிழ், நடுவில் ஹிந்தி, வலது பக்கம் ஆங்கிலம் என்று ஒரே தாளில் வலிச் சொற்களை அச்சடித்து, சங்க நூலகத்தில் வைக்கலாம். முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதழோடு சேர்த்து அனுப்பலாம். பேச முடியாதவர்கள் விரலால் தொட்டுக் காட்டினாலும் போதும். நான் ஆரம்பித்துவிட்டேன். மரப்பு ‘ஸுன்’, காந்தல் ‘ஜலன்’, ஊசி குத்தல் ‘சுபன்’, நமநமப்பு ‘ஜன்ஜனாஹட்’, இறுக்கம் ‘ஜகடன்’ என்று இதுவரை பதினான்கு சொற்கள் தேறியிருக்கின்றன. ‘கடுப்பு’தான் மாட்டமாட்டேன் என்கிறது. நாலு பேரைக் கேட்டேன். நாலும் வேறு வேறு. ‘உளைச்சல்’ அதைவிட மோசம். இரண்டு மொழியும் நன்கு அறிந்த அன்பர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதினால், அடுத்த குளிருக்குள் தாளை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.