மலைமுகிலும் வானூர்தியும்

மலையகத்திற்கு வானூர்திச் சேவை வேண்டுமென்னும் குரல் இடையிடையே எழுகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீரிலிறங்கும் சிறு விமானங்கள் வந்ததுமுண்டு. ஆயினும் லிந்துலைவாசிகள் மூடுபனியின் இயல்பை அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறுங்கால் குளிர்ந்து முகிலாகின்றது, எதிர்மலையும் மறைந்துவிடும். கண்பார்வையை நம்பிச் செலுத்தும் விமானத்திற்கு இது பகையன்றோ?

1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, ஹஜ் யாத்திரிகருடன் சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா நோக்கி வந்த டச்சு விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்தகன்னியர் மலையில் மோதிற்று. 191 பேரும் மாண்டனர். தாம் இருக்குமிடத்தைப் பிழைபடக் கணித்தே விமானிகள் தாழப் பறந்தனர். கருவிகள் பொருந்திய பெருவிமானத்திற்கே இக்கதி!

நுவரெலியாவில் வானிலை நிலையம் உண்டு. ஆனால் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு முகில் வேறுபடும். ஓடுபாதைக்கு நிலம் தேடுவோர், முதலில் அவ்விடத்து முகிலின் உயரத்தையும் காற்றையும் ஓராண்டேனும் மணிதோறும் அளந்து குறித்து வெளியிடட்டும்.