நம்பிச் சொன்னால் பொய்யாகாதா?

ஈராக் போர் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ‘புஷ் பொய் சொன்னார், மக்கள் செத்தார்கள்’ என்று ஒரு தரப்பு போட்ட கோஷம் ஓய்ந்துவிட்டது. ‘அவர் பொய் சொல்லவில்லை, உளவுத்துறை கொடுத்ததை நம்பினார், அன்றைக்கு எல்லோரும்தான் நம்பினார்கள்’ என்று மறு தரப்பு சொன்ன பதில் நிலைத்துவிட்டது. குடியரசுக் கட்சிக்காரர்கள் சொல்லும் சமாதானமாக இருந்த அது, இப்போது நடுநிலையாகப் பேச விரும்புகிறவர்களும் போய்ச் சேரும் இடமாகிவிட்டது. தவறு நடந்தது, பெரிய தவறு, ஆனால் பொய் இல்லை. மனதறிந்து சொன்னால்தானே பொய் என்கிறார்கள்.

இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கிட்டத்தட்ட 4,500 அமெரிக்கச் சிப்பாய்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்களும் மாண்ட போர் அது. ‘பாவம், ஏமாந்துவிட்டார்’ என்று அதன் கோப்பை மூடுவது செத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

நாட்டைப் போருக்கு அழைக்கும் அதிபர் ஒரே மூச்சில் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். எதிரியிடம் இன்ன ஆயுதம் இருக்கிறது என்பது ஒன்று. அது எங்களுக்குச் சந்தேகமறத் தெரியும் என்பது மற்றொன்று. முதலாவதில் யாரும் தவறலாம். பாக்தாத்தில் பூட்டிக் கிடக்கும் கிடங்குக்குள் என்ன இருக்கிறது என்பது வாஷிங்டனுக்குத் தெரியாமல் போகலாம். இரண்டாவது அப்படியல்ல. தன் மேஜை மேல் இருக்கும் கோப்பில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்பது அதைக் காட்டிப் பேசுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். அதைத் தெரிந்துகொள்ள ஒற்றன் வேண்டாம், படித்தாலே போதும். 2002இல் அமெரிக்க மக்களிடம் உண்மைக்கு மாறாகச் சொல்லப்பட்டது இந்த இரண்டாவது செய்திதான்.

அலுமினியக் குழாய்களின் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2001இல் ஈராக்குக்குப் போய்க்கொண்டிருந்த குழாய்ச் சரக்கு ஒன்று ஜோர்டானில் பிடிபட்டது. உயர்ரக அலுமினியம், 81 மில்லிமீட்டர் விட்டம். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரத்துக்கான சுழலுருளைக்குத்தான் இந்தக் குழாய் என்று சிஐஏ முடிவு கட்டியது. ஆனால் அமெரிக்காவில் அந்த எந்திரங்களை வடிவமைத்து, ஓட்டிப் பார்த்து, பழுது கண்டு பழகிய கைகள் சிஐஏவில் இல்லை. அவர்கள் எரிசக்தித் துறையின் கீழ், ஓக் ரிட்ஜ் போன்ற ஆய்வுக்கூடங்களில் இருந்தார்கள். அவர்கள் குழாயின் அளவுகளைப் பார்த்தார்கள். மையவிலக்குக்கு இந்த விட்டம் மிகக் குறுகல், சுவரோ மிகத் தடிமன். மேற்பரப்பில் இருந்த பாதுகாப்புப் படலம் அந்த வேலைக்கு இடைஞ்சல். இன்னொரு பக்கம், ஈராக் பல ஆண்டுகளாகவே 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளை ஓர் இத்தாலிய மாதிரியைப் பார்த்துச் செய்துவந்தது. அதே உலோகம், அதே விட்டம். இவை ராக்கெட் குழாய்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எரிசக்தித் துறை நிபுணர்கள் 2001இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் குழாய்ச் செய்தி வந்தது. அதே நாளில் துணை அதிபர் டிக் செய்னி ஒரு தொலைக்காட்சியிலும், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் இன்னொன்றிலும் பேசினார்கள். இந்தக் குழாய்கள் அணு ஆயுதத் திட்டத்துக்குத்தான் பொருந்தும் என்றார் ரைஸ். ஆதாரம் காளான் மேகமாக எழும்வரை காத்திருக்க முடியாது என்ற பேச்சும் அந்தப் பேட்டியில்தான் வந்தது. நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அப்படி ஒரு சர்ச்சை இருந்தது அப்போதே தனக்குத் தெரியும் என்று 2004இல் அவரே ஒப்புக்கொண்டார். குழாய் எதற்கானது என்பதில் அவர் ஏமாந்திருக்கலாம். சர்ச்சையே இல்லாதது போலப் பேசியதில் யார் அவரை ஏமாற்றியது?

இதைவிடக் கனமான சாட்சி ஒன்று உண்டு. செய்னி 2002 ஆகஸ்ட் 26 அன்று நாஷ்வில் நகரில் முன்னாள் படைவீரர்கள் மத்தியில் நின்று, ஈராக் அதிபர் சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதில் சந்தேகமே இல்லை என்று பேசினார். அன்றைக்கு அதைப் பற்றி எல்லா உளவு அமைப்புகளும் சேர்ந்து எழுதிய புதிய தேசிய மதிப்பீட்டு அறிக்கை எதுவும் இல்லை. வெள்ளை மாளிகை அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லை. செனட்டில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பாப் கிரஹாம், டிக் டர்பின் போன்றவர்கள் வற்புறுத்திய பிறகு, சுமார் மூன்று வாரத்தில் அவசரமாக எழுதப்பட்டு அக்டோபர் தொடக்கத்தில் வந்தது அந்த அறிக்கை. 90 பக்கங்களுக்கு மேல். புஷ்ஷும் ரைஸும் அதை முழுதாகப் படிக்கவில்லை என்று மறு ஆண்டு வெள்ளை மாளிகையின் மூத்த அதிகாரி ஒருவரே செய்தியாளர்களிடம் சொன்னார். லட்சம் படைவீரர்களைப் பாலைவனத்துக்கு அனுப்பப் போகிறவர், ஆயுதம் உண்டா இல்லையா என்று எழுதித் தரும்படி கேட்கவில்லை, வந்ததையும் முழுக்கப் படிக்கவில்லை. இதற்கு ‘நம்பினார்’ என்ற பெயர் கொடுப்பது நம்பிக்கை என்ற சொல்லைக் கெடுப்பதாகும்.

அந்த ரகசிய அறிக்கைக்குள் சந்தேகங்கள் எழுத்தில் இருந்தன. குழாய்கள் அணுத் திட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று எரிசக்தித் துறை பதிவு செய்திருந்தது. ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று வெளியுறவுத் துறையின் சொந்த உளவுப் பிரிவு எழுதியிருந்தது. ஆளில்லா விமானங்கள் ரசாயன ஆயுதம் தூவுவதற்கானவை என்ற கணிப்பை விமானப் படை ஏற்கவில்லை. விமானம் பற்றி விமானப் படையைவிட யாருக்குத் தெரியும்? அக்டோபர் 4இல் பொதுமக்களுக்காக ஒரு பதிப்பு வெளியானது. அதில் ‘நாங்கள் இவ்வாறு கணிக்கிறோம்’ என்ற எச்சரிக்கைச் சொற்கள் பல இடங்களில் நீக்கப்பட்டு, கணிப்பெல்லாம் உண்மைபோல நின்றது. குழாய்களைப் பற்றி ‘சிலர்’ வேறுவிதமாகக் கருதுகிறார்கள் என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது. அந்தச் சிலர்தான் நாட்டின் மையவிலக்கு நிபுணர்கள் என்பது வாசகருக்குச் சொல்லப்படவில்லை.

வில்லங்கச் சான்றிதழில் வழக்கு நிலுவையில் இருப்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பக்கத்தை மட்டும் உருவிவிட்டு ‘பத்திரம் சுத்தம்’ என்று மனையை விற்கிறவர் ஒருவர். வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று அவர் மனதார நம்பியிருக்கலாம். அதற்காக அவரை யோக்கியர் என்று நம் ஊர்ப் பதிவு அலுவலக வாசலில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நைஜர் யுரேனியம் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈராக் நைஜரில் யுரேனியம் வாங்க முயன்றது என்ற குற்றச்சாட்டை நம்ப முடியாதென்று சிஐஏ தலையிட்டதால், அக்டோபரில் சின்சினாட்டியில் புஷ் பேசவிருந்த உரையிலிருந்து அது எடுக்கப்பட்டது. 2003 ஜனவரி 28 நாடாளுமன்ற உரையில், பிரிட்டிஷ் அரசு அறிந்ததாக, அவர்கள் தலையில் போட்டு, அது திரும்பி வந்தது. மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரதேய், அந்த விவகாரத்துக்கு ஆதாரமாகத் தரப்பட்ட ஆவணங்கள் போலி என்று பாதுகாப்பு சபையில் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் போர் தொடங்கியது.

‘எல்லோரும்தான் நம்பினார்கள்’ என்ற வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். பிரான்சும் ஜெர்மனியும்கூட சதாமிடம் ரசாயன ஆயுத மிச்சங்கள் இருக்கலாம் என்று சந்தேகித்தன. கிளின்டன் காலத்திலும் அதே சந்தேகம் இருந்தது. சதாம் தன் நடத்தையால் அதை வளர்க்கவும் செய்தார். ஆனால் சந்தேகத்துக்கு மருந்து சோதனை. 2002 நவம்பர் இறுதியில் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐநா ஆய்வாளர்கள் ஈராக்குக்குத் திரும்பினார்கள். சுமார் 500 இடங்களில் 700 முறை சோதனையிட்டார்கள். வரம்பு மீறிய தூரம் பாயும் ஏவுகணைகள் கிடைத்தன. அவற்றை உடைக்கவும் தொடங்கினார்கள். பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்கால மாதங்களில் தகவல் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது, வாஷிங்டனின் உறுதி மட்டும் மாறவில்லை. பாதுகாப்பு சபையில் ஒன்பது வாக்குகூடத் திரட்ட முடியாமல் அமெரிக்காவும் பிரிட்டனும் போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானத்தைக் கைவிட்டன. உலகம் முழுக்க நம்பியிருந்தால் அந்த வாக்குகள் எங்கே போயின?

இரண்டு விசாரணைகள் புஷ்ஷை விடுவித்துவிட்டன என்பார்கள். 2004 செனட் குழு அறிக்கையும் 2005 ராப்–சில்பர்மன் ஆணைய அறிக்கையும் ஆய்வாளர்களை யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை என்றன. உண்மைதான். ஆனால் உளவுத் தகவலை ஆட்சியாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை விசாரிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரமே தரப்படவில்லை. ஆணையமே அதைத் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடுதலை இது.

இனி எதிர்த்தரப்பைப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் சமாதானத்தால் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு. 2002 அக்டோபர் 11 அதிகாலையில் செனட் 77–23 என்று போருக்கு அதிகாரம் கொடுத்தது. ஜனநாயகக் கட்சியின் 50 செனட்டர்களில் 29 பேர் ஆதரவு: ஜான் கெர்ரி, ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன் எல்லோரும் அதில் அடக்கம். போர் கசந்த பிறகு, ‘எங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்றார்கள். அந்த 90 பக்க அறிக்கை அவர்கள் படிப்பதற்காக ஒரு பாதுகாப்பு அறையில் வைக்கப்பட்டிருந்தது. சுருக்கத்தைத் தாண்டி முழுதும் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று பிறகு செய்தி வந்தது. கிரஹாம் படித்தார், எதிர்த்து வாக்களித்தார். அதிபர் மறைத்த சந்தேகம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ‘நாங்கள் நம்பினோம்’ என்பவர்களும் ‘நாங்கள் ஏமாந்தோம்’ என்பவர்களும் பேச மறுக்கும் விஷயம் ஒன்றே: சந்தேகம் எழுத்தில் இருந்தது என்பது.

கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு வியட்நாமே சாட்சி. 1964 ஆகஸ்ட் 4 அன்று டோன்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாக ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் அன்றிரவே நாட்டுக்கு அறிவித்தார். தாக்குதல் நடந்ததா என்பதே சந்தேகம் என்று கப்பலிலிருந்த தளபதி சில மணி நேரத்தில் தந்தி அனுப்பியிருந்தார். அந்தச் சந்தேகம் காங்கிரஸுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறியது, இரண்டே செனட்டர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்றாய்வே பிறகு நிறுவியது. பின்னர் 1971இல் பென்டகன் ஆவணங்கள் வெளியானபோது, அவை பெரும்பாலும் கென்னடி, ஜான்சன் காலத்து மறைப்புகளையே அம்பலப்படுத்தின. அவற்றை வெளியிடாமல் தடுக்க நீதிமன்றம் ஏறியவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். எதிர்க்கட்சியின் பொய்யைக்கூடக் காப்பாற்றத் துணிந்தார், மறைக்கும் உரிமை நாற்காலிக்குச் சொந்தம் என்று அவர் கருதியதால். அவருக்கும் மறைக்க கம்போடியா குண்டுவீச்சு இருந்தது.

கட்சிச் சண்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1847 டிசம்பரில், விக் கட்சியின் இளம் உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன், ஜனநாயகக் கட்சி அதிபர் போல்க்கை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். மெக்சிகோக்காரர்கள் அமெரிக்க மண்ணில் ரத்தம் சிந்த வைத்தார்கள் என்று சொல்லித்தானே போர் தொடுத்தீர்கள். அந்த ரத்தம் விழுந்த இடம் எது, அது யாருடைய மண்? அதுவும் கட்சிச் சண்டைதான். ஆனால் போல்க்கின் மனதுக்குள் என்ன இருந்தது என்று லிங்கன் துழாவவில்லை. ஆதாரத்தைக் காட்டு என்றார். மனதைப் பற்றிய வழக்குக்கு முடிவே கிடையாது, இரு தரப்பும் ஆயுள் முழுக்க வாதாடலாம். ஆதாரத்தைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு சொல்ல முடியும்.

சொல்லியும் இருக்கிறார்கள். பிரிட்டனின் சில்காட் குழு ஏழாண்டு விசாரணைக்குப் பின் 2016 ஜூலையில், ஈராக்கின் அபாயம் நியாயப்படுத்த முடியாத உறுதியோடு மக்கள்முன் வைக்கப்பட்டது என்று டோனி பிளேர் அரசைக் கண்டித்தது. பிளேர் நம்பினாரா இல்லையா என்ற கேள்வியில் அது சிக்கிக்கொள்ளவில்லை. அமெரிக்காவிலும் 2008 ஜூனில் செனட் உளவுக் குழு ஓர் அறிக்கை தந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த இருவரும்கூட ஆதரித்த அறிக்கை. ஆட்சியாளர்களின் கூற்றுகள் பல உளவுத் தகவலோடு பொருந்தின, ஆனால் அதிலிருந்த சந்தேகங்களை அவர்கள் சொல்லாமல் விட்டார்கள், சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் கூட்டு என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்றது. ஒரு கட்சி அதன் முன்பாதியை எடுத்துக்கொண்டது, மறு கட்சி பின்பாதியை.

ஏமாந்து போட்ட கையெழுத்து என்று இரு கட்சிகளும் உண்மையிலேயே கருதியிருந்தால், முதல் வேலையாக அந்த 2002 தீர்மானத்தை ரத்து செய்திருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குச் செய்யவில்லை. சதாம் தூக்கிலிடப்பட்டு 13 ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில் பாக்தாத் விமான நிலையத்துக்கு அருகே ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்ற டிரம்ப் நிர்வாகம், தன் செயலுக்குக் காட்டிய சட்ட ஆதாரங்களில் ஒன்று அதே தீர்மானம்தான்.