அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு மேலே போ

நண்பரொருவரின் மகன், ஒஸ்லோவில் வளர்ந்தவன், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தான். சுகம் விசாரித்து, பனியைப் பற்றிக் கதைத்து, தகப்பனாரின் நீரிழிவு வரை வந்த பின்னர்தான் விடயத்தைத் தொட்டான். "அங்கிள், நீங்கள் பாங்கொக் போய் வந்தனீங்கள்தானே. நாங்கள் ரெண்டு பேர் பத்து நாள் நிக்க ஒரு நல்ல இடம் சொல்லுங்கோ" என்றான். மற்றவர் யார் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் சொன்னான். மற்றவன் கிழக்கு மாகாணத்துப் பெடியன். நான்கு வருட நேசம். ஒஸ்லோவுக்கு அழைக்க விசா கிடைக்கவில்லை. ஊரில் சந்திக்கத் துணிவில்லை. கொழும்பிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் பாங்கொக்கைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

"இணையத்திலை பார்த்தா எல்லா ஹோட்டலும் வானவில் கொடி போட்டிருக்கு. எதை நம்புறது எண்டு தெரியேல்லை" என்று முடித்தான்.

பாங்கொக் எனக்குப் பரிச்சயமானது சமாதானப் பேச்சின் புண்ணியத்தில். 2002 செப்டெம்பரில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான முதற்சுற்றுப் பேச்சு தாய்லாந்தின் சத்தாஹிப் கடற்படைத் தளத்தில் நடைபெற்றதையும், அடுத்த சுற்று நக்கோன் பதோமில் நடைபெற்றதையும் வாசகர்கள் அறிவர். செய்தி சேகரிக்கச் சென்ற எங்களுக்குப் பத்திரிகை தந்த படிப்பணம் போதவில்லை. ஆகவே சக பத்திரிகையாளர் ஒருவரும் நானும் சீலோம் வீதிக்கு அண்மையில் ஒரு நடுத்தர விடுதியில் ஒரே அறையை எடுத்தோம். உள்ளே சென்று பார்த்தால் ஒரேயொரு பெரிய கட்டில். வரவேற்பு மேசைப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்க்கவுமில்லை, எதுவும் கேட்கவுமில்லை. நண்பரின் குறட்டை தாங்காது நான் தரையில் படுத்தது வேறு கதை.

அந்த விடுதியில் நான் கண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரவு பத்து மணியிருக்கும். ஐரோப்பியர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், தாய்லாந்து இளைஞர் ஒருவருடன் உள்ளே வந்தார். ஐரோப்பியர் நேரே மின்தூக்கியை நோக்கிச் சென்றார். இளைஞரை மேசையில் மறித்தார்கள். அவர் தமது அடையாள அட்டையை எடுத்துக் கொடுக்க, அதை ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஏதோ ஒரு தொகை ஐரோப்பியரின் கணக்கில் எழுதப்பட்டது. இளைஞர் தலையைக் குனிந்தபடி மின்தூக்கிக்குள் நுழைந்தார். அதே நாழிகையில் இரண்டு அவுஸ்திரேலியர்கள் தங்கள் வெள்ளைக்காரச் சிநேகிதர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவரை ஒருவரும் மறிக்கவில்லை, பெட்டியும் திறக்கப்படவில்லை.

அறைக்கு வரும் உள்ளூர் விருந்தாளிக்கென அறவிடப்படும் இந்தக் கட்டணம் பாங்கொக் விடுதிகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சில நூறு பாத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை செல்லும். ஆணுடன் வரும் பெண்ணிடமும் அறவிடுவார்கள்; ஆணுடன் வரும் ஆணிடமும் அறவிடுவார்கள். அந்த வகையில் பாகுபாடு இல்லையே என்று நிர்வாகம் சொல்லக்கூடும். பாகுபாடு எங்கே இருக்கிறதென்றால், முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் இருக்கிறது. தாய்லாந்து முகமென்றால் விலைக்கு வந்தவர் என்ற தீர்ப்பு மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பத்து வருடங்கள் ஒன்றாக வாழ்ந்த துணைவராக இருந்தாலும் அதே மரப்பெட்டிதான்.

இப்படியான ஒரு விடுதி தனது விளம்பரத்தில் 'ஒருபாலீர்ப்பாளருடன் நட்பார்ந்த இடம்' என்று எழுதிக்கொள்கிறது. யாருடன் நட்பு? கடவுச்சீட்டும் கடனட்டையும் வைத்திருப்பவருடன் நட்பு. அவருடைய கையைப் பிடித்து வந்தவருடன் நட்பில்லை. இருவரில் ஒருவரை விருந்தினராகவும் மற்றவரைச் சந்தேக நபராகவும் நடத்தும் விடுதி அந்த இருவருக்கும் பகைவிடுதியே என்பது எனது வாதம்.

இதற்கு விடுதிக்காரர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. களவு நடக்கிறது. வயது குறைந்த பிள்ளைகளை அழைத்து வரும் கயவர்களும் வருகிறார்கள். அடையாள அட்டையைப் பார்க்காமல் விடுவது பெருந்தவறு. நான் அதை எதிர்க்கவில்லை. பாருங்கள், வயதை உறுதி செய்யுங்கள், பெயரைப் பதியுங்கள், அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ஒஸ்லோவிலிருந்து வந்தவனிடமும் செய்யுங்கள், உடோன் தானியிலிருந்து வந்தவனிடமும் செய்யுங்கள். பாதுகாப்புக்கான பரிசோதனைக்கு ஆயிரம் பாத் எதற்கு? காசு வாங்கிய பின் களவு நின்றுவிடுமா? வயது கூடிவிடுமா?

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்லாந்து 1956ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டக்கோவையிலேயே ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2015இல் பால்நிலைச் சமத்துவச் சட்டம் வந்தது. 2024 ஜூன் 18இல் திருமணச் சமத்துவச் சட்டமூலத்தை செனட் சபை 130 வாக்குகளால் நிறைவேற்றியது; எதிர்த்தவர்கள் நால்வர் மட்டுமே. 2025 ஜனவரி 23இல் அது நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசியாவில் முதல் நாடு; ஆசியாவில் தாய்வான், நேபாளம் ஆகியவற்றுக்கு அடுத்தது. அன்று பாங்கொக்கின் பெரிய கடைத்தொகுதி ஒன்றில் நூற்றுக்கணக்கான இணைகள் பதிவுத் திருமணம் செய்த படங்களை உலகமே பார்த்தது.

அதே நாடாளுமன்றம்தான் 2024 பெப்ரவரியில், தமது பால்நிலையைச் சட்டப் பத்திரங்களில் மாற்றிக்கொள்ளும் உரிமையைத் திருநர்களுக்கு வழங்கும் சட்டமூலத்தை நிராகரித்தது. எனவே நண்பர் மகனைப் போன்ற இரு ஆண்களுக்குக் கதவு திறந்திருக்கும் விடுதியில், ஒரு திருநங்கை தமது அட்டையை நீட்டும்போது அதில் 'திருவாளர்' என்றே இருக்கும். மேசையில் நிற்பவர் இரண்டாம் தடவை முகத்தைப் பார்ப்பார். வரவேற்பிலும் உணவகத்திலும் திருநங்கைகளை வேலைக்கு வைத்து, அவர்களுடைய புன்னகையைச் சுற்றுலாப் பிரசுரங்களில் அச்சிடும் நகரம் அது. அவர்களில் ஒருவர் விருந்தினராக வந்தால் முறையோ வேறு. சீலோம் சோய் 4 என்ற சிறு சந்தின் மதுச்சாலைகளையும் சோய் 2இன் ஆட்டக்கூடங்களையும் சுற்றித்தான் பயண வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் விடுதிகளிற் பல இருக்கின்றன. அவற்றுள் ஆண்களுக்கு மட்டுமெனப் பலகை வைத்தவையும் உண்டு. இரு பெண்கள் சேர்ந்து வந்தால் எங்கே தங்குவதென்று அந்த வழிகாட்டிகள் ஒரு பந்திகூட எழுதுவதில்லை.

அதே சீலோம் வீதியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரி ஊர்வலத்தன்று வீதி முழுவதும் பூவும் கற்பூரமுமாக இருக்கும். அன்று அம்மனை வரவேற்கத் தனித்தனிப் பீடம் அமைத்து அருள்வாக்குச் சொல்ல வரும் தாய்லாந்துச் சாமியாடிகளிற் பலர் திருநங்கைகளும் ஆணை நேசிக்கும் ஆண்களும் ஆவர். நம்மவர்கள் அவர்களிடம் திருநீறு வாங்கிக்கொண்டு வந்து, அறைக்குத் திரும்பியதும் "இந்த ஊர் கெட்ட ஊர்" என்று கதைப்பதைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

நம்மவர் என்றதும் இன்னொரு கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொலைபேசி உரையாடலை, பெயர்களைச் சொல்லாமல், ஓய்வுபெற்ற அதிபரான ஒரு நண்பரிடம் கூறினேன். "எங்கட சனம் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு பிரச்சினையே? ரெண்டு பெடியள் ஒரு றூம் எடுக்கிறதுக்கு எங்க ஆர் தடை? யாழ்ப்பாணத்திலையே குடுப்பாங்கள்" என்றார். அவர் கேலியாகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருக்கிறது. நமது ஊர் விடுதிகளில் ஓர் ஆணும் பெண்ணும் அறை கேட்டால்தான் அடையாள அட்டையில் முகவரி ஒன்றா, கழுத்தில் தாலி உண்டா என்று ஆராய்வார்கள். இரண்டு ஆண்களென்றால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள், கந்தோர் அலுவலாக வந்தவர்கள் என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சாவி எதற்குக் கிடைக்கிறது? இப்படியும் மனிதர் உண்டென்று அவர்களுக்குத் தோன்றாததால் கிடைக்கிறது. தோன்றிய மறுகணம் பறிக்கப்படும். பறிப்பவருக்குப் பின்னால் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் நிற்கின்றன. 1995இல் அதைத் திருத்தியபோது நீக்குவார்கள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். 2023 மே மாதம், இதனை நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது.

இவ்விடத்தில் என் பங்குக் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நான் உதவியாசிரியராக இருந்த பத்திரிகையில், இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் 'முறைகேடான' என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்தவன் நான். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. தலைப்பு நிரம்ப வேண்டுமென்று சேர்த்தேன். அந்தத் தலைப்பை எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வாசித்ததோ, அது அப்போது என் சிந்தனையில் இருக்கவில்லை.

தம்பிக்கு முதலில் கோலாலம்பூர்தான் விருப்பமாக இருந்தது. தமிழ்ச் சாப்பாடு, தமிழ்ப் பேச்சு. நான் மறித்தேன். மலேசியாவின் தண்டனைச் சட்டக்கோவையில் 377அ உயிரோடிருக்கிறது. அந்தப் பிரிவு சிங்கப்பூரில் 2022 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது. சிங்கப்பூரின் அறை வாடகை கிழக்கு மாகாணத்துப் பெடியனுக்குக் கட்டாது. இந்தோனேசியா 2022 டிசம்பரில் நிறைவேற்றிய புதிய சட்டக்கோவை, மணவுறவுக்கு வெளியேயான உறவைக் குடும்பத்தவரின் முறைப்பாட்டின் பேரில் குற்றமாக்குகிறது. ஆகவே பாங்கொக்.

எந்த விடுதியென்று பெயர் சொல்ல நான் தரகனல்லன். விடுதிகளிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். இரு ஆண்களின் பெயரில் ஒரே கட்டில் உள்ள அறையை உறுதி செய்வீர்களா? நாங்கள் சென்றடைந்ததும் "தவறு நடந்துவிட்டது" என்று இரண்டு ஒற்றைக் கட்டில்களைக் காட்டமாட்டீர்களே? எங்களைக் காண ஒரு தாய்லாந்து நண்பர் வந்தால் அவரிடம் காசு அறவிடுவீர்களா, அட்டையைப் பறித்து வைப்பீர்களா? முதலிரண்டு கேள்விகளுக்கு எல்லோரும் இனிக்க இனிக்கப் பதில் எழுதுவார்கள். மூன்றாவதற்கு வரும் பதிலில்தான் விடுதியின் முகம் தெரியும் என்றேன். உனக்குத் தாய்லாந்து நண்பர் எவரும் இல்லாவிட்டாலும் கேள் என்றேன். கூடவே, முன்பதிவில் இருவரின் முழுப் பெயரையும் கொடுக்கச் சொன்னேன். ஒருவர் பெயரில் அறை எடுத்து மற்றவர் பின்னால் வந்தால், கரிய தோலுடைய நம்மவனையும் 'விருந்தாளி' ஆக்கிவிடுவார்கள். வெளிநாட்டவர் தங்குவதை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியது அந்நாட்டு விதி. அதற்காகக் கடவுச்சீட்டைப் படியெடுத்தால் பயப்படத் தேவையில்லை. யார் எந்தக் கட்டிலில் படுத்தாரென்று அந்தப் படிவத்தில் பத்தி இல்லை.

ஐந்து விடுதிகளுக்கு எழுதினான். வானவில் கொடியைத் தன் பக்கத்தின் தலையிலேயே ஏற்றியிருந்த ஒன்றிடமிருந்து வந்த பதிலை எனக்கு அனுப்பினான். எல்லா வகையான அன்பையும் தாங்கள் கொண்டாடுவதாக இரண்டு வரி. தாய்லாந்து விருந்தாளிக்கு எண்ணூறு பாத், அட்டை மேசையில் இருக்கும் என்று ஒரு வரி. இரண்டு விடுதிகள் மூன்றாவது கேள்வியைக் கண்டும் காணாமல் விட்டன. ஒன்று பதிலே அனுப்பவில்லை. கொடியும் இல்லாத, வழிகாட்டிகளிலும் இல்லாத ஒரு சிறு விடுதி மட்டும், எல்லா விருந்தாளிகளிடமும் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம், கட்டணம் இல்லை, காலை உணவு மட்டும் அறையிலுள்ள இருவருக்குத்தான் என்று எழுதியது. அங்கேதான் தங்கினார்கள்.

கிழக்கு மாகாணத்துப் பெடியன் வீட்டில் சொல்லிச் சென்ற காரணம், பிரதுனாம் சந்தையில் உடுப்பு வாங்கிவந்து விற்கப்போகிறேன் என்பது. நம் நாட்டு வியாபாரிகள் காலங்காலமாகச் செய்யும் தொழில் என்பதால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பொய்யை மெய்யாக்க வேண்டி, பத்து நாட்களில் இரண்டு நாட்களை அந்தச் சந்தை நெரிசலிலேயே இருவரும் செலவழித்திருக்கிறார்கள். வாங்கிவந்த இரண்டு பொதி சேட்டுகளில் ஒரு பொதி விற்றுவிட்டதாம். மற்றது பெரிய அளவு, ஊரில் எடுபடவில்லை.